துவேசத்துக்கு எதிராக ஊர் கூட: ஸ்காபரோவில் கூட்டம் நடத்த நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சில ஆண்டுகளாக, கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், துவேசத்துக்கு எதிரான கூட்டங்களில் தொண்டராக வேலை செய்துவருகிறேன். நூலக அறை, கோயில் மண்டபம், மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம் என்று பல இடங்களில் நடத்தியிருக்கிறோம். "நாங்களும் ஒன்று செய்யப் போகிறோம், எங்கே தொடங்குவது?" என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளம். நாங்கள் பிழைவிட்டுப் படித்த இடங்கள் அவை.

கனடாவில் பாதிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே, இங்கே எதற்கு இப்படி ஒரு கூட்டம்?

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி கனடாவில் 23 சதவீதம் பேர் வந்து குடியேறியவர்கள். ரொறன்ரோ பெரும்பாகத்தில் அது 46.6 சதவீதம். ஆனால் ஆட்கள் நிறைய இருந்தால் மரியாதை தானாக வந்துவிடும் என்றில்லை. சீனர்களைக் கொண்டு ரயில்பாதை போட்டு முடித்த கையோடு, 1885இல், உள்ளே வரும் சீனர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆளுக்கு 50 டொலர் தலைவரி விதித்தார்கள். 1903இல் அது 500 டொலர் ஆனது. 1923 முதல் 1947 வரை கதவையே மூடினார்கள். 1914இல் கொமகட்டா மாரு கப்பலில் வந்த 376 இந்தியர்களை வன்கூவர் கரையில் இரண்டு மாதம் நிறுத்திவைத்து, மிகப் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் கதையும் அதில் உண்டு. 1986 ஓகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டால்ரன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். ஊர்ச் சனம் உடுப்பும் சாப்பாடும் கொடுத்தது. வந்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்று சில நாட்களில் தெரியவந்ததும் நாட்டின் ஒரு பகுதியினர் "திருப்பி அனுப்பு" என்று குரல் எழுப்பினார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தபோதும் அதே குரல்தான். அவர்களில் பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள்.

2017 சனவரி 29 அன்று கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுகை முடித்தவர்களில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2021 யூனில் ஒன்ராறியோவின் லண்டனில் மாலை நடைக்குப் போன ஒரு முஸ்லிம் குடும்பத்தில் நாலு பேரை ஒருவன் வாகனத்தால் மோதிக் கொன்றான். இவை செய்தியில் வந்தவை. கூட்டங்களில் வெளிவருவது வேறு மாதிரி. பெயரைப் பார்த்ததும் வாடகைக்கு வீடு இல்லை என்பது, வேலைத்தலத்தில் தமிழில் கதைத்தால் முறைப்பது, "கனேடிய அனுபவம் இருக்கா" என்று கேட்டே பொறியியலாளரைக் களஞ்சியசாலைக்கு அனுப்புவது. அந்தக் கேள்வி பாகுபாடாகலாம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே சொல்லிவிட்டது. அது தெரியாத ஆட்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள்.

எந்த நாளில் வைப்பது?

பெரும்பாலானவர்கள் மார்ச் 21ஐ ஒட்டி வைக்கிறார்கள். 1960இல் அந்த நாளில் தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில் ஊரில், கறுப்பினத்தவர் எங்கே போனாலும் அனுமதிப் புத்தகம் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைப் பொலிசார் சுட்டார்கள். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 69 பேர். 1966இல் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை இன ஒதுக்கலுக்கு எதிரான நாளாக அறிவித்தது.

திகதியை விட முக்கியம் கிழமையும் நேரமும். சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. வார நாட்களில் இரவு வேலைக்காரர் பகலில் தூங்குவார்கள். எங்களுக்குச் சரிவந்தது ஞாயிறு பிற்பகல் 2 முதல் 5 வரை. ஞாயிறில் பஸ் குறைவு என்பதால் இடம் பெரிய வீதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம், நோன்பு மாதம் எப்போது வருகிறது என்று நாட்காட்டியைப் பாருங்கள். நோன்பு இருப்பவர்களை அழைத்துவிட்டு அவர்கள் முன்னால் மூன்று மணிக்குப் பலகாரத் தட்டை நீட்டாதீர்கள்.

அழைப்பிதழில் இனவாதம் என்று போடுவதா, நிறவெறி என்று போடுவதா?

நாங்கள் "துவேசம்" என்று போட்டோம். இனவாதம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கொழும்பு அரசியல் ஞாபகத்துக்கு வரும். நிறவெறி என்றால் தென்னாபிரிக்கா. ஆனால் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஒருவருக்கு மட்டும் கஷ்டமான வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், வீட்டுக்கு வந்து "அவன் துவேசம் பிடிச்சவன்" என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லைப் போட்ட ஆண்டில், "இது என்னுடைய விசயம்" என்று சொல்லி முன்பு வராத வயதானவர்கள் பலர் வந்தார்கள்.

திட்டமிடும் குழுவில் யார் இருக்க வேண்டும்?

குழுவில் பாதிப் பேராவது, அழைக்கப்போகும் சமூகங்களைச் சேர்ந்தவர்களாக, முதல் கூட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலை எழுதி முடித்துவிட்டு, "உங்கள் சமூகத்திலிருந்து பேச ஒருவரைத் தாருங்கள்" என்று கேட்டால், அவர்கள் நம் நிகழ்ச்சிக்கு ஒரு அலங்காரம் ஆகிவிடுகிறார்கள். நேரம், இடம், தலைப்பு, யார் முதலில் பேசுவது, என்ன சாப்பாடு என்பதெல்லாம் அவர்கள் கையிலும் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் எட்டுப் பேர்: மூன்று தமிழர், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பராமரிப்பு வேலைக்காரர் ஒருவர், யமேக்காவில் பிறந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர், ஆப்கானிஸ்தான் தம்பதி, உயர்தரப் பள்ளி மாணவி ஒருத்தி. மாணவியைச் சிறு பிள்ளை என்று நினைத்தோம். மண்டபத்தில் சக்கர நாற்காலி போகும் வழி இல்லை என்று கண்டுபிடித்தது அவள்தான்.

பேச வருகிறவர்கள் தங்கள் துயரக் கதையைத்தான் சொல்ல வேண்டுமா?

இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

எங்கள் முதல் கூட்டத்தில் அறிமுகம் செய்தவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்: "அடுத்து, போரால் எல்லாவற்றையும் இழந்த ஒரு அகதி பேச வருகிறார்." அறுபது வயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார், உடனே பேசவில்லை. மேடைப் படியின் மரத்தைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் முப்பது வருசம் தச்சு வேலை செய்தவன். என் பெயரையும் தொழிலையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்." அவ்வளவு பேர் நிறைந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. அதன் பிறகு அவர் போரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் பெரிய வீடுகளுக்குக் கூரை போட்டவரை இங்கே பத்து வருசம் ஆணி பொறுக்கவிட்ட கதையைச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் சனம் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனது அதைத்தான்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. அறிமுக வரியை அந்தந்தப் பேச்சாளரே எழுதித் தருவார், நாங்கள் ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிப்போம். என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எங்கே நிறுத்துவது எல்லாம் அவர் முடிவு. மேடையில் நின்றபடியே மனம் மாறி "இன்றைக்கு வேண்டாம்" என்றால் அதுவும் சரி. கைதட்டிவிட்டு அடுத்தவரை அழைப்போம். சபையிலிருந்து "உங்களை அடித்தார்களா, எப்படித் தப்பினீர்கள்" என்று கேட்பவர்கள் வருவார்கள். அந்தக் கேள்வியை நிகழ்ச்சி நடத்துபவர் தடுக்க வேண்டும், பேச்சாளரைச் சங்கடப்பட விடக் கூடாது.

அகதிக் கோரிக்கை இன்னும் முடியாத ஒருவர் மேடையில் பேசலாமா?

அவருடைய வழக்கறிஞரைக் கேட்காமல் வேண்டாம். கனடாவில் அகதிக் கோரிக்கை விசாரணைகள் சட்டப்படி பொதுமக்கள் இல்லாத அறையில்தான் நடக்கின்றன. ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரக் கூடாது என்பது ஒரு காரணம். நாங்கள் அதே கதையை ஒலிவாங்கியில் சொல்லவைத்து யூடியூபில் போட்டால் அந்தப் பாதுகாப்பைக் கையால் உடைக்கிறோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கோரிக்கைப் படிவத்தில் எழுதிய திகதி ஒன்று, பதற்றத்தில் மேடையில் சொன்ன திகதி வேறொன்று என்றால், அந்த ஒளிப்பதிவு பின்னால் அவருடைய நம்பகத்தன்மையைக் கேள்வி கேட்கப் பயன்படலாம். பேச ஆசைப்படுகிறவருக்கு நாங்கள் சொல்வது: ஊரில் நடந்ததை விட்டு இங்கே நடப்பதைப் பேசுங்கள். தங்குமிடத்தில் கிடைத்த மரியாதை, பள்ளியில் பிள்ளைக்கு நடந்தது, பஸ்ஸில் நடந்தது. பெயர் வேண்டாம் என்றால் எழுதித் தாருங்கள், வேறொருவர் வாசிப்பார்.

பண்ணைத் தொழிலாளர்களுக்கும் இதே கவனம் வேண்டும். 1966இல் யமேக்காத் தொழிலாளர்களோடு தொடங்கிய பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டத்தில் வருகிறவர்கள் தாங்களாக முதலாளியை மாற்றிக்கொள்ள முடியாது. முதலாளி கோபித்தால் அடுத்த ஆண்டு கூப்பிடாமல் விடலாம். கொடுமைக்கு ஆளானவர்கள், வேறு முதலாளியிடம் வேலை செய்யவிடும் திறந்த வேலை அனுமதி கேட்க 2019இல் ஒரு வழி வந்தது, ஆனால் அதற்கு ஆதாரம் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே பண்ணையின் பெயர், ஊர், வேலை செய்யும் பயிர் எதுவும் வெளியே வராதபடி பாருங்கள். தக்காளியா மிளகாயா என்று சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்புக்கு என்ன செய்வது? எல்லாரும் ஓரளவு ஆங்கிலம் கதைப்பார்களே?

ஓரளவு ஆங்கிலத்தில் ஒருவர் தன் வாழ்க்கையைச் சொன்னால் ஓரளவு வாழ்க்கைதான் வெளியே வரும். தாய்மொழியில் பேசவிடுங்கள். முதலில் அவருடைய குரல் மண்டபத்தில் கேட்கட்டும், மொழிபெயர்ப்பு பின்னால் வரட்டும். பேச்சாளர் நாலு வசனம் சொல்லி நிறுத்த, மொழிபெயர்ப்பாளர் தொடரும் முறைதான் சிறிய கூட்டத்துக்கு நல்லது. அப்போது நேரம் இரண்டு மடங்காகும். பத்து நிமிடப் பேச்சுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று மணி நேரத்தில் நாலு பேச்சாளர் போதும். எட்டுப் பேரைப் போட்டால் கடைசி மூவரை அவசரப்படுத்துவோம். அந்த மூவர் பெரும்பாலும் ஆங்கிலம் குறைந்தவர்களாகவே இருப்பார்கள்.

பேச்சாளரின் பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். கடையிலும் வைத்தியரிடமும் அந்தப் பிள்ளை எப்போதும் அந்த வேலையைத்தான் செய்கிறது. தாய் மகளுக்கு இவ்வளவு நாளும் சொல்லாத ஒன்றை மேடையில் சொல்ல நினைக்கலாம், மகள் வாயால் அதைச் சொல்லவைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளரும் பேச்சாளரும் ஒரு நாள் முன்னதாகவே சந்தித்துத் தேத்தண்ணி குடிக்கட்டும். அலுவலகங்களை இரவில் துப்புரவு செய்யும் அக்கா ஒருவர் "என்னை மனுசராய் மதிக்கேல்லை" என்றதை மொழிபெயர்த்தவர் "நான் மதிக்கப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் சுருக்கிவிட்டார். "மனுசராய்" என்ற சொல் விழுந்துபோனது. அக்கா ஆங்கிலம் பேசத் தயங்குவார், ஆனால் கேட்டால் விளங்கும். உடனே கையைத் தூக்கி, "அது இல்லை" என்றார்.

வாசலில் பெயர், தொலைபேசி எண் வாங்கலாமா? படம் எடுக்கலாமா?

எங்கள் இரண்டாவது கூட்டத்தில் வாசல் மேசையில் பெயர், முகவரி, எண் கேட்கும் தாள் ஒன்று வைத்திருந்தோம். நான் மேசையில் இருந்தேன். பனிக்கால மேலங்கியும் பிள்ளைத் தள்ளுவண்டியுமாக வந்த ஒரு பெண் தாளை வாசித்தார், பேனையை எடுத்தார், திரும்ப வைத்தார். "கார்ல ஒரு சாமான் விட்டுட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. அவர் பஸ்ஸில் வந்தவர் என்று பிறகு தெரிந்தது. வதிவிட உரிமை இல்லாதவர்களுக்கும் விசாரணைக்குக் காத்திருப்பவர்களுக்கும் அந்தத் தாள் அரசாங்கம் விவரம் சேர்ப்பது போலத் தெரிந்திருக்கிறது. இப்போது தலையை மட்டும் எண்ணுகிறோம். தொடர்பில் இருக்க விரும்புபவர் தானாக எழுதட்டும் என்று ஒரு கொப்பி, தேத்தண்ணி மேசைப் பக்கத்தில், பெயர் மட்டும் எழுதினாலும் போதும் என்ற குறிப்போடு.

படத்துக்கு: வாசலில் மஞ்சள், வெள்ளை என்று இரண்டு நிற ஒட்டுகள். மஞ்சள் ஒட்டியவரைப் படம் எடுக்கக் கூடாது. கமெரா ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். நேரலை வேண்டாம். கைத்தொலைபேசியில் எடுப்பவரை மரியாதையாக நிறுத்தச் சொல்லுங்கள்.

மேடைப் பேச்சைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு, பல பேருக்கு மேடையை விட அதுதான் பிடிக்கும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய "மனித நூலகம்" என்ற முறையில் ஒருவர் புத்தகம் போல மேசையில் இருப்பார், மற்றவர்கள் வந்து இருபது, முப்பது நிமிடம் அவரோடு கதைப்பார்கள். அந்தப் பெயரைப் போட்டு நடத்துவதென்றால் அவர்களோடு தொடர்புகொள்ளுங்கள். பெயர் இல்லாமல் சிறு மேசைகள் போட்டும் செய்யலாம். ஒரு மேசைக்கு ஐந்து கதிரைக்கு மேல் வேண்டாம். அப்போதுதான் கூச்சமுள்ளவரும் வாய் திறப்பார். படம், தையல், சமையல், கவிதை என்று சிலர் பேச்சில்லாமலே சொல்வார்கள். அதற்கும் ஒரு சுவரை விட்டுவையுங்கள்.

மண்டபம், காசு, காப்புறுதி?

நூலகத்திலும் நகரசபைச் சமூக நிலையங்களிலும் அறை எடுக்கலாம். இலாப நோக்கமில்லாத குழுக்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரம் கேட்பார்கள், வழக்கமாக 20 இலட்சம் டொலருக்கு. பதிவுசெய்த சங்கம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்த்தால் அந்தச் சிக்கல் குறையும். கையில் இருக்கும் காசில் முதலில் மொழிபெயர்ப்பாளர், பிள்ளை பார்ப்பவர், பஸ் காசு ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மேடை அலங்காரத்துக்கு மிஞ்சினால் பார்க்கலாம். பேச்சாளருக்கு அன்பளிப்புக் கொடுப்பது நல்லது. வேலை அனுமதி இல்லாதவர் என்றால் எப்படிக் கொடுப்பது என்று சட்ட உதவி மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

அரசியல்வாதிகளை அழைக்கலாமா?

வரட்டும், உட்கார்ந்து கேட்கட்டும். மேடை வேண்டாம். "இரண்டு நிமிடம்" என்று ஏறினால் பதினைந்து நிமிடம் ஆகும், அது பேச்சாளர் ஒருவரின் நேரம். கேட்டது என்ன, செய்யப்போவது என்ன என்று கடைசியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் பூர்வகுடிகளை நினைவுகூர்வது கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் செய்யுங்கள், விளங்கிச் செய்யுங்கள். கடதாசியிலிருந்து வேகமாக வாசிப்பதால் பயன் இல்லை. ஸ்காபரோவில் லோரன்ஸ் வீதியும் பெலமி வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ரேபர் ஹில் என்ற புல்மேடு இருக்கிறது. 1956இல் அங்கே மண் அள்ள இயந்திரம் வைத்தபோது எலும்புகள் வந்தன. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்ட சுமார் 500 பேர். நாங்கள் பல வருசம் அந்த மேட்டைக் கடந்து பலசரக்குக் கடைக்குப் போயிருக்கிறோம், ஒருவருக்கும் தெரியாது. கூட்டத்தை அந்த மேட்டைப் பற்றிய மூன்று வசனத்தோடு தொடங்கினோம். ஊரில், போரில் இறந்த போராளிகளை அடக்கம் செய்த துயிலும் இல்லங்களைப் புல்டோசர் போட்டு இடித்ததைக் கண்ட சனத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் ஆட்களிடமே துவேசம் இருக்கிறதே, அதைப் பேசலாமா?

பேசாவிட்டால் கூட்டம் அரைகுறை.

ஒரு திட்டக் கூட்டத்தில், நான் சொன்ன யமேக்காத் தாதி, அமைதியாகக் கேட்டார்: "காப்பிலி என்றால் என்ன? பதினைந்து வருசமாக என் அயல்வீட்டுப் பிள்ளைகள் வாயில் கேட்கிறேன்." மூன்று தமிழரும் மேசையைப் பார்த்தோம். கடைசியில் எங்களில் மூத்தவரான ஒரு அம்மா சொன்னார்: "அது உங்களைப் போன்ற ஆட்களைச் சொல்லும் கூடாத சொல். என் வீட்டிலும் சொல்லியிருக்கிறோம். மன்னிக்க வேணும்." தாதி, "எனக்குத் தெரியும். நீங்கள் சொல்வீர்களா என்று பார்த்தேன்" என்றார். அந்த ஆண்டு "எங்கள் வீட்டுச் சொற்கள்" என்று ஒரு மேசை போட்டோம். காப்பிலி, கறுவல், சப்பட்டை எல்லாம் அதில் வந்தன. வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் அதிகம் பேசினார்கள்.

"நாங்கள் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தோம், அவர்கள் ஏன் வரவில்லை" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்கு ஒன்ராறியோவின் ட்ரெஸ்டன் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு தர மறுத்த உணவகங்கள் அங்கே 1950களிலும் இருந்தன. அந்த ஊர்த் தச்சர் ஹியூ பர்னெட்டும் கூட்டாளிகளும் 1948இல் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1954இல் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1962இல் வந்த ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் அதன் மேல்தான் கட்டப்பட்டது. வாடகை வீடு மறுக்கப்பட்ட ஒரு தமிழர் இன்று முறைப்பாடு செய்யும்போது அந்தச் சட்டத்தைத்தான் கையில் எடுக்கிறார்.

சிங்களவர்களையும் முஸ்லிம்களையும் அழைக்கலாமா?

முஸ்லிம்களை அழைக்கலாமா என்று கேட்கவே தேவையில்லை. இலங்கை முஸ்லிம்களின் மொழி தமிழ். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் இங்கேயும் இருக்கின்றன, அதை அவர்கள் சொல்ல விரும்பினால் நாங்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். சிங்களவர் விசயத்தில் குழுவிலுள்ள மூத்தவர்களோடு முதலில் கதையுங்கள். 1983 யூலையைக் கண்ணால் கண்டவர்களும் 2009இல் பிள்ளையை இழந்தவர்களும் அதே அறையில் இருப்பார்கள். எங்கள் கூட்டத்துக்கு ஒரு சிங்களக் குடும்பம் வந்தது, சிறு மேசைகளில் இருந்தது, நல்லபடியாக முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடியும் என்று வாக்குறுதி தர மாட்டேன்.

சாப்பாடு?

கட்டாயம். ஹலால், சைவம் இரண்டும் தனித்தனித் தட்டில், பெயர் எழுதி. மட்டன் றோலுக்குப் பக்கத்தில், உள்ளே இறைச்சி வைத்துச் சுடும் யமேக்காப் பலகாரமான "பற்றி"யையும் (patty) வையுங்கள். 1985இல் அரசு அதிகாரிகள் அந்தப் பற்றியை "பீஃப் பற்றி" என்று விற்கக் கூடாது என்று ரொறன்ரோக் கடைக்காரர்களை மிரட்டினார்கள். அவர்கள் எதிர்த்து நின்றார்கள், கடைசியில் "யமேக்கன் பற்றி" என்று விற்கலாம் என்று இணக்கம் வந்தது. சாப்பிட்டபடி சொல்ல நல்ல கதை அது.

குழப்பம் செய்ய யாராவது வந்தால்?

எங்களுக்கு ஒருமுறைதான் நடந்தது. பொறுமையான இரண்டு தொண்டர்களை அதற்கென்றே வையுங்கள். கேள்விகளைத் துண்டுக் கடதாசியில் வாங்கினால் பாதிப் பிரச்சினை வராது. விவாதிக்க வேண்டாம், வெளியே அழைத்துப் போய்க் கதையுங்கள். மிரட்டினால் 911. சீருடையோடு காவலரை வாசலில் நிறுத்துவதைக் குழுவோடு கதைத்து முடிவெடுங்கள். சிலருக்கு அது பாதுகாப்பு, சிலருக்கு அது உள்ளே வராமல் இருக்கக் காரணம்.

பேசும்போது ஒருவர் சொல்வது சட்டப்படி முறைப்பாடு செய்யக்கூடியது என்று தெரிந்தால்?

பின்பக்கம் ஒரு மேசையில் விசயம் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். வேலை, வீடு, கடை, பள்ளி போன்ற இடங்களில் நடந்த பாகுபாட்டுக்கு ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம், நடந்து ஒரு ஆண்டுக்குள். இந்த ஒரு ஆண்டு கெடுவைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பதினெட்டு மாதம் பொறுத்துப் பொறுத்துப் பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனித உரிமைச் சட்ட ஆதரவு நிலையம் இலவசமாக ஆலோசனை தரும். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 211ஐ அழைத்தால் மொழிபெயர்ப்போடு வழி சொல்வார்கள். அடிதடி, மிரட்டல், சொத்துச் சேதம் என்றால் பொலிசில் முறைப்பாடு. கூடப் போக ஒருவர் தயாராக இருங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு?

அடுத்த வாரத்துக்குள் பேசியவர்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிடுங்கள். மேடையில் மனம் திறந்தவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் பாரம் தெரியும். "ஏன் சொன்னேன்" என்று தூக்கம் வராமல் இருந்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு இருந்தால் முதலில் அவர் பார்க்க வேண்டும், அவர் வெட்டச் சொன்னதை வெட்ட வேண்டும், ஆறு மாதம் கழித்து எடுத்துவிடச் சொன்னாலும் எடுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுத் திட்டக் கூட்டத்துக்கு முதல் அழைப்பு அவர்களுக்குப் போகட்டும். நவம்பரிலேயே கூப்பிடுங்கள். சனவரியில் கூப்பிட்டால் அதற்குள் நிகழ்ச்சி நிரலை நாங்களே எழுதி முடித்திருப்போம்.